22 வருஷப் பழைய பாய்லர்: அதே அளவில் புதுசு வாங்கினால் போதுமா?

#1 காலைமீன்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பொது நீச்சல்குளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை போன வருஷம் என் தலையில் விழுந்தது. நான் எஞ்சினியர் இல்லை. டிக்கெட், சம்பளம், கணக்கு வழக்கு பார்க்க வந்தவன்.

திறந்தவெளிக் குளம். 25க்கு 12.5 மீட்டர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். கேஸ் பாய்லருக்கு 22 வயசு. அதன் மேல் ஒட்டிய விவரப் பட்டையில் 350 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. பாய்லர் தண்ணீர் தனி வளையம், குளத்துத் தண்ணீர் தனி வளையம், நடுவில் தண்ணீரைக் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர். ஷவருக்கும் வெந்நீர் இதே பாய்லரிலிருந்துதான்.

தெர்மோஸ்டாட்டை 28ல் வைத்தாலும் குளம் 26ஐத் தாண்டுவதில்லை. பாய்லரின் அடியில் தண்ணீர் சொட்டுகிறது. பார்க்க வந்த ஒப்பந்ததாரர் பத்து நிமிஷம் நின்றார், பட்டையைப் படம் எடுத்தார், "அதே 350, புதுசு" என்று விலைப்புள்ளி அனுப்பிவிட்டார். சீக்கிரம் கையெழுத்துப் போடச் சொல்கிறது கமிட்டி. போடலாமா?

#2 பழையஸ்பேனர்

போடாதீங்க தம்பி. முதல்ல ஒரு நாற்காலியை எடுத்துட்டுப் போய் பாய்லர் பக்கத்துல உட்காருங்க. குளம் 26ல இருக்கும்போது பர்னர் விடாம எரியுதா, இல்ல எரிஞ்சு எரிஞ்சு அணையுதா? அணையும்போது பாய்லர் தண்ணி எத்தனை டிகிரி? தீ நீலமா, மஞ்சளா? இந்த மூணையும் பார்த்துச் சொல்லுங்க, மத்ததைப் பிறகு பேசலாம்.

#3 ஆறாவதுலேன்

26ல் என்ன குறை? போட்டிக் குளத்துக்கு விதியே 25லிருந்து 28 வரைதான். தினமும் மூணு கிலோமீட்டர் நீந்துகிறவனுக்கு 28 என்றால் மூஞ்சியெல்லாம் கொதிக்கும். கேஸை மிச்சம் பிடியுங்கள்.

#4 மிதவைப்பலகை

அண்ணா, உங்கள் லேனுக்குப் பக்கத்தில்தான் நான் அஞ்சு வயசுப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் அசைந்துகொண்டே இருக்கிறீர்கள். என் பிள்ளைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு முறைக்காக நிற்கிறார்கள். 26ல் இருபது நிமிஷம் நின்றால் உதடு நீலம் பாரிக்கிறது. கற்றுக்கொடுக்கும் குளத்துக்கு 30 கேட்பது வழக்கம். நான் 28 கிடைத்தாலே கும்பிடு போடுவேன்.

#5 காலைமீன்

அண்ணே, உட்கார்ந்து பார்த்தேன். நாலு நிமிஷம் எரிகிறது, ஆறு நிமிஷம் நிற்கிறது. 82 டிகிரி வந்ததும் அணைகிறது. குளம் அப்போதும் 26தான். தீ முக்கால்வாசி மஞ்சள், முன்தகட்டில் கரி அப்பியிருக்கிறது. ஒரு மணி நேரம் இருந்ததில் தலைவலி வந்துவிட்டது. அங்கே வேலை செய்யும் பையனும் அடிக்கடி தலைவலி என்பான், வெயிலால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

#6 பழையஸ்பேனர்

தம்பி, இதைப் படிச்ச உடனே பாய்லரை அணைங்க. கேஸ் வால்வையும் மூடுங்க. கதவு ஜன்னலைத் திறந்து போட்டுட்டு எல்லாரும் வெளிய வாங்க. அந்தப் பையனை இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க, எந்த ரூம்ல வேலை பார்க்கிறான்னு மறக்காம சொல்லுங்க.

மஞ்சள் தீ, கரி, தலைவலி மூணும் சேர்ந்தா கார்பன் மோனாக்சைடுன்னுதான் நினைக்கணும். அதுக்கு வாசனையும் இல்ல, நிறமும் இல்ல. புகை மேல போகாம ரூமுக்குள்ள திரும்புது. லைசென்ஸ் உள்ள ஆள் மீட்டர் வச்சு அளந்து பார்க்கிற வரைக்கும் பத்த வைக்காதீங்க. குளம் குளிர்ந்தா குளிரட்டும்.

#7 காலைமீன்

அணைத்துவிட்டோம். பையனுக்கு ரத்தத்தில் கொஞ்சம் ஏறியிருந்தது. ஆக்சிஜன் கொடுத்துக் கவனித்து அனுப்பினார்கள், இப்போது நன்றாக இருக்கிறான். புகைபோக்கியின் தலையில் பறவைக்கூடு. பாய்லருக்குள் புகை போகும் இடுக்கெல்லாம் கரி அடைப்பு. சுத்தம் செய்து, காற்றைச் சரிசெய்து, அளந்து பார்த்து, தற்காலிகமாக ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ரூமுக்குள் மோனாக்சைடு அலாரம் மாட்டியாகிவிட்டது. அண்ணே, நன்றி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் குளம் இன்னும் 26தான்.

#8 பழையஸ்பேனர்

அது வேற வியாதி. யோசிச்சுப் பாருங்க. பாய்லர் 82க்கு ஏறி தானா அணையுது. சூடு பத்தலைன்னா அது அணையாம எரிஞ்சுட்டே இருக்கணும். சூடு இருக்கு, குளத்துக்குப் போய்ச் சேரல. கிணறு நிறையத் தண்ணி, வாளியில ஓட்டை. உங்க வாளி அந்த ஹீட் எக்ஸ்சேஞ்சர். கழட்டிப் பாருங்க, குளத்துத் தண்ணி ஓடுற பக்கம் சுண்ணாம்பு பிடிச்சிருக்கும்.

உங்க ஒப்பந்ததாரர் சொன்னபடி புது 350ஐ வச்சிருந்தா அதுவும் நாலு நிமிஷம் எரிஞ்சு ஆறு நிமிஷம் நின்னிருக்கும்.

#9 குளோரின்மூக்கு

நடுவில் புகுகிறேன், மன்னிக்கவும். சுண்ணாம்பு ஏன் படிந்தது என்று பார்க்காமல் ஆசிட் விட்டுக் கழுவினால் ஒரு சீசனில் திரும்ப வரும். கால்சியம் கார்பனேட் சர்க்கரை மாதிரி கிடையாது. தண்ணீர் சூடாகச் சூடாகக் கரைவது குறையும். அதனால்தான் குளத்துச் சுவரில் ஒன்றும் தெரியாது, மிகச் சூடான தகட்டில் மட்டும் கல்லாகப் படியும். பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 7.8க்கு மேல் ஏறவிடுகிறீர்களா? கடினத்தன்மை, காரத்தன்மை கடைசியாக எப்போது அளந்தீர்கள்?

எதிர்த் திசையிலும் தப்பு நடக்கும். பிஎச் இறங்கினால் செம்பு கரையும், பிள்ளைகளின் வெளுத்த முடி பச்சையாவது அந்தச் செம்பால்தான். ட்ரைகுளோர் என்ற குளோரின் மாத்திரை கரைந்த தண்ணீர் பிஎச் 3 பக்கம் இருக்கும், அது நேராக ஹீட்டருக்குள் போனால் உலோகம் அரிக்கும். குளோரின் குழாய் எந்த இடத்தில் சேர்கிறது? ஃபில்டர், பிறகு எக்ஸ்சேஞ்சர், அதற்கும் பிறகுதான் குளோரின். இடையில் தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு ஒன்று.

#10 காலைமீன்

குளோரின் சரியான இடத்தில்தான் சேர்கிறது. பிஎச் பதிவேட்டைப் புரட்டினேன், பாதி நாள் 8. அளக்கும் பையனுக்கு அது நல்லதா கெட்டதா என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எக்ஸ்சேஞ்சரைக் கழற்றினோம். குழாய்க்குள் விரல் போக வேண்டிய இடத்தில் பென்சில்கூடப் போகவில்லை. ஆசிட் கழுவல் முடிந்து இரண்டே நாளில் 28.

இப்போது கமிட்டி வேறு பாட்டுப் பாடுகிறது: "சரியாகிவிட்டதே, எதற்குப் புது பாய்லர்?"

#11 பழையஸ்பேனர்

அடியில சொட்டுதுன்னு சொன்னீங்களே, அது எங்கேருந்து? ஜாயின்ட்ல இருந்தா மாத்திடலாம். வார்ப்பிரும்புத் துண்டுல விரிசல்னா 22 வயசு உருப்படிக்குத் துண்டு தேடி அலையணும். அது இந்த சீசனை ஓட்டும், அடுத்ததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். மாத்துங்க, ஆனா நிதானமா மாத்துங்க. அது நடு சீசன்ல செத்தா, அன்னைக்கு எவன்கிட்ட எது ஸ்டாக் இருக்கோ அதைத்தான் வாங்குவீங்க.

#12 வெப்பக்கணக்கு

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பட்டையை மறந்துவிட்டுக் குளத்தைக் கணக்குப் போடுவோம்.

உங்கள் குளத்தில் சுமார் 470 கன மீட்டர் தண்ணீர். ஒரு கன மீட்டரை 1 டிகிரி ஏற்ற 1.16 யூனிட் (கிலோவாட்-மணி) வேண்டும். ஆக முழுக் குளத்தை 1 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 547 யூனிட். இந்த ஒரு எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அடுத்து, சூடு எந்த வழியாகப் போகிறது? தரைவழி சொற்பம். திறந்தவெளிக் குளத்தில் பெரும்பங்கு, ஏறக்குறைய 70 சதவீதம், ஆவியாதலால். ஒரு லிட்டர் ஆவியாகிப் போகும்போது 0.68 யூனிட்டைக் கூடவே எடுத்துப் போகும். உங்கள் பரப்பில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 1,560 லிட்டர், அதாவது 1,060 யூனிட். கண்ணுக்கே தெரியாத 5 மில்லிமீட்டர் கிட்டத்தட்ட 2 டிகிரியைத் தின்கிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். இரவு 8 மணிக்குச் சூடேற்றத்தை நிறுத்துங்கள், பம்பு ஓடட்டும். கைத் தெர்மாமீட்டரால் ஒரே இடத்தில் அளந்து எழுதுங்கள், காலை 6 மணிக்குத் திரும்ப அளங்கள். காற்றும் குளிரும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் இன்னொரு இரவில் குளத்தை மூடிவைத்து அதையே செய்யுங்கள்.

#13 காலைமீன்

கவரா? ஸ்டோர் ரூமில் குமிழ் வைத்த நீலக் கவர் ஒன்று கிழிந்து கிடந்தது. "இழுக்க ஆள் இல்லை" என்று எட்டு வருஷம் முன்பு தூக்கிப் போட்டார்களாம். ஒட்டுப் போட்டு விரித்தோம்.

கவர் இல்லாமல்: 28.0லிருந்து 26.5.
கவரோடு: 28.0லிருந்து 27.4.

தெர்மாமீட்டர் பழுதோ என்று இரண்டு தடவை அளந்தேன்.

#14 வெப்பக்கணக்கு

பழுது இல்லை. முதல் இரவில் 1.5 டிகிரி, அதாவது 820 யூனிட். பத்து மணி நேரத்துக்குச் சராசரி 82 கிலோவாட். மூடிய இரவில் 0.6 டிகிரி, 328 யூனிட், 33 கிலோவாட். ஒரே இரவில், கிழிந்த கவரால், ஏறக்குறைய 490 யூனிட் மிச்சம். உங்கள் பாய்லர் 80 சதவீதம் திறனில் எரிந்தால் கேஸில் அது 600 யூனிட்டைத் தாண்டும்.

350 எங்கே, 33 எங்கே? சீசன் தொடக்கத்தில் குளிர்ந்த குளத்தைச் சூடேற்றத்தான் பெரிய அளவு வேண்டும் என்பார்கள். அங்கேயும் அவசரப்படக் கூடாது. குளத்து ஓடுகளும் பூச்சும் வெடிக்காமல் இருக்க மணிக்கு கால் டிகிரிக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. கால் டிகிரிக்கு 137 கிலோவாட். 16லிருந்து 28க்கு இரண்டு பகல், இரண்டு இரவு. மொத்தம் 150 பக்கம் போதும், அதையும் இரண்டாகப் பிரித்து வாங்குங்கள். ஒன்று படுத்தால் இன்னொன்று குளத்தைக் காப்பாற்றும்.

#15 கூரைக்குளம்

எங்கள் குளம் கூரைக்குள். அங்கே பாய்லர் மாற்றும்போது தண்ணீரை மட்டும் கணக்கில் எடுத்தோம், காற்றை மறந்துவிட்டோம். உள்ளரங்கில் காற்று, தண்ணீரைவிட 1 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும், ஈரப்பதம் 60 சதவீதம் பக்கம். இல்லையென்றால் ஆவி கூடுகிறது, ஜன்னலில் நீர் வடிகிறது, கூரைக் கம்பி துருப்பிடிக்கிறது. அந்தக் காற்றைச் சூடாக்கும் குழாய்ச்சுருளும் (காயில்) பழைய பாய்லரில்தான் மாட்டியிருந்தது. புதுசு வந்த முதல் குளிர்நாளில் மண்டபம் முழுக்கப் பனிமூட்டம். உங்களுக்கு இது பொருந்தாது, ஆனால் ஷவர் பொருந்தும். பட்டியல் போடுங்கள்: இந்தப் பாய்லர் யார் யாருக்கெல்லாம் சூடு கொடுக்கிறது?

#16 வெப்பக்கணக்கு

நல்ல கேள்வி. என் யோசனை: குளத்துக்கு ஹீட் பம்ப். அது சூட்டை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றிலிருந்து அள்ளிக் குளத்தில் போடுகிறது. மேடு எவ்வளவு குறைவோ அவ்வளவு லாபம். 15 டிகிரிக் காற்றிலிருந்து 28 டிகிரித் தண்ணீருக்கு ஏற்றுவது சின்ன மேடு. ஒரு யூனிட் கரண்டுக்கு நாலைந்து யூனிட் சூடு கிடைக்கும்.

லாபமா என்பதை யாரும் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். கரண்ட் யூனிட் விலையை கேஸ் யூனிட் விலையால் வகுங்கள். அதை பாய்லர் திறனால் பெருக்குங்கள். உதாரணமாகக் கரண்ட் 3 மடங்கு விலை என்றால், 80 சதவீதப் பழைய பாய்லருக்கு எதிரே 2.4 மடங்கு சூடு தந்தாலே ஹீட் பம்ப் சமம். 95 சதவீதப் புதிய கண்டன்சிங் பாய்லருக்கு (புகையோடு போகும் சூட்டையும் பிடிப்பது) எதிரே 2.85 வேண்டும். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் மிச்சம்.

#17 பழையஸ்பேனர்

கணக்கு சரிதான் சார். களத்துல நான் பார்த்ததையும் சொல்றேன்.

ஒண்ணு, ரொம்பக் குளிர்ற நாள்லதான் சூடு அதிகம் வேணும், அதே நாள்லதான் ஹீட் பம்ப் குறைவாக் கொடுக்கும். அதோட குழாய்ச்சுருள்ல பனி கட்டும், அதைக் கரைக்க நடுநடுவுல நின்னுக்கும். பட்டையில இருக்கிற நம்பர் எந்தக் காற்றுக்கு, எந்தத் தண்ணிக்குன்னு கேட்டு வாங்கணும். வெயில்நாள் நம்பரைப் போட்டுத்தான் விளம்பரம் வரும்.

ரெண்டு, இடம். அது கக்குற குளிர்க்காத்து வெளிய போகணும். மூலையில சுவரை ஒட்டி வச்சா கக்கினதையே திரும்ப உறிஞ்சும். பக்கத்துல வீடு இருந்தா ராத்திரி இரைச்சலுக்குச் சண்டை வரும்.

மூணு, ஷவர். வெந்நீர்த் தொட்டியை 60ல வைக்கணும், இல்லாட்டி லீஜியனெல்லா கிருமி வளரும். குளத்து ஹீட் பம்ப் 60க்கு ஏறாது.

நாலாவதுதான் எல்லாரும் வழுக்கி விழுற இடம். புது கண்டன்சிங் பாய்லர் வாங்கிட்டு பழைய எக்ஸ்சேஞ்சரை அப்படியே விட்டுடுவாங்க.

#18 காலைமீன்

நாலாவது புரியவில்லை அண்ணே. எக்ஸ்சேஞ்சர்தான் இப்போது பளபளவென்று இருக்கிறதே?

#19 வெப்பக்கணக்கு

அவர் சொல்வது மிகச் சரி, நான்தான் விட்டுவிட்டேன். கண்டன்சிங் பாய்லரின் லாபமே புகையில் உள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் சூட்டைப் பிடிப்பதில் இருக்கிறது. திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 80ல் அனுப்பி 70ல் திரும்ப எடுத்தால் கண்டன்சிங் என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

சரி, 50ல் அனுப்பி 40ல் எடுப்போம் என்றால் பழைய எக்ஸ்சேஞ்சர் தாங்காது. 80க்கும் 28க்கும் உள்ள இடைவெளியை நம்பி அதைச் செய்திருக்கிறார்கள். முன்பு சராசரி இடைவெளி 44 டிகிரி, இப்போது 14. அதே தகடு மூன்றில் ஒரு பங்குச் சூட்டைத்தான் கடத்தும். ஆகவே பாய்லரோடு சேர்த்துப் பெரிய தகட்டு எக்ஸ்சேஞ்சர் வாங்க வேண்டும். குளத்துத் தண்ணீர் தொடும் பக்கம் டைட்டானியமாகக் கேளுங்கள். 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் குளோரைடு ஏறினால் ஊசித்துளை விழும், உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் குளோரினேட்டர் போடும் எண்ணம் இருந்தால் 316ஐ நினைக்கவே வேண்டாம்.

கண்டன்சிங் பாய்லரிலிருந்து வடியும் நீர் அமிலம். அதைச் சமன்செய்து சாக்கடைக்கு விட ஒரு வழி வேண்டும். பழைய புகைபோக்கியும் அதற்கு உதவாது.

#20 ஆறாவதுலேன்

2023ல் இங்கிலாந்தில் எக்ஸ்மவுத் என்ற ஊர்க் குளத்தில் கம்ப்யூட்டர்களை எண்ணெய்த் தொட்டியில் முக்கி, அந்தச் சூட்டைக் குளத்துக்குத் திருப்பினார்கள். நாமும் அப்படிச் செய்தால் என்ன?

#21 பழையஸ்பேனர்

செய்யலாம் தம்பி. முதல்ல அந்தக் கவரை இழுக்க ஆள் போடட்டும்.

#22 காலைமீன்

மூன்று வாரமாக எழுத நேரமில்லை. நடந்தது இது.

அந்த இரண்டு தெர்மாமீட்டர் எண்களையும், 547 என்ற எண்ணையும் ஒரே தாளில் எழுதிக் கமிட்டி முன்னால் வைத்தேன். ஒருவர் மட்டும் "350க்கு 150ஆ, குறைவாக இருக்கிறதே" என்று சண்டை போட்டார். "350ஐ வைத்துக்கொண்டுதான் 26ல் கிடந்தோம்" என்றதும் உட்கார்ந்துவிட்டார்.

முடிவு: குளத்துக்கு 70 கிலோவாட் ஹீட் பம்ப் ஒன்று, தினசரி வேலை அதனுடையது. 80 கிலோவாட் கண்டன்சிங் பாய்லர் ஒன்று, ஷவருக்கும், சீசன் தொடக்கத்துக்கும், பனி கட்டும் நாட்களுக்கும். டைட்டானியத் தகட்டு எக்ஸ்சேஞ்சர். உருளையோடு புதுக் கவர். ஒப்பந்ததாரரை மாற்றிவிட்டோம்.

நீங்கள் யாரும் சொல்லாத ஒன்று: பழைய பாய்லர்க் கதவின் கயிறும் குழாய் மேல் போர்வையும் ஆஸ்பெஸ்டாஸாக (தூள் மூச்சில் போனால் ஆபத்தான நார்) இருக்கலாம் என்று புதியவர் தொடவே மறுத்தார். மாதிரி எடுத்து அனுப்பினோம், ஆமாம் என்று வந்தது. அதற்கென்று உள்ள ஆட்கள் வந்து அகற்ற பத்து நாள் போயிற்று. பழைய பாய்லரை மாற்றுகிறவர்கள் அந்தப் பத்து நாளை முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

#23 குளோரின்மூக்கு

பிஎச்?

#24 காலைமீன்

7.3, 7.4. பையனுக்கு இப்போது எண்ணின் அர்த்தம் தெரியும், 7.6 தொட்டால் எனக்குப் போன் வருகிறது. ராத்திரியிலும்.

#25 வெப்பக்கணக்கு

ஒன்று கேட்க மறந்தேன். தண்ணீர் மீட்டர் இருக்கிறதா? பேக்வாஷையும் (ஃபில்டரைக் கழுவப் போகும் தண்ணீர்) ஆவியையும் கழித்த பிறகும் மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது. ஒரு நாளைக்கு 10 கன மீட்டர் கசிந்து, புதுத் தண்ணீரை 15 டிகிரி ஏற்ற வேண்டியிருந்தால் அதுவே 174 யூனிட். எந்த ஹீட் பம்ப் வைத்தாலும் அந்த நஷ்டம் தொடரும்.

#26 காலைமீன்

வாளிச் சோதனை செய்தோம். வாளியில் குளத்து மட்டத்துக்கே தண்ணீர் நிரப்பிப் படிக்கட்டில் வைத்து, உள்ளே வெளியே இரண்டு மட்டத்தையும் கோடு போட்டு ஒரு நாள் விட்டோம். இரண்டும் ஒரே அளவு இறங்கியது. கசிவு இல்லை.

#27 மிதவைப்பலகை

இன்று காலை வகுப்பு 28.1. எவர் உதடும் நீலமாகவில்லை. ஒரு பிள்ளை வெளியே வர மாட்டேன் என்று அழுதது.

#28 ஆறாவதுலேன்

எனக்கு மூஞ்சி கொதித்தது. 27.5 ஆக்க முடியுமா? அரை டிகிரிதானே.

#29 காலைமீன்

பேசலாம் அண்ணா. உருளை வந்தும் கவரைச் சுற்ற இரண்டு பேர் வேண்டும், ஒரு ஆள் குறைகிறது. காலை 5.40க்கு வாங்க, சுற்றிக்கொண்டே பேசுவோம்.